ஞாயிற்றுக்கிழமை டெலிபோன்

தம்பி கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று டாக்சியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு கம்ப்யூட்டர். டிரைவர் அதைப் பழைய போர்வையில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்து எங்கள் வீட்டு மேசைமேல் வைத்தார். அடுத்து அதன் திரை வந்தது. பிறகு ஓர் அட்டைப்பெட்டி. கடைசியாகத்தான் என் கணவரும் டிரைவருமாகச் சேர்ந்து தம்பியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்ததில் அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, இங்க பிளக் எங்க இருக்கு?" என்றான்.

எண்பதுகளின் பிற்பாதி அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதி லயத்து வீடுகளில் டிவிகூடக் கிடையாது. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். "இதுல படம் காட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். காட்டாது என்றதும் போய்விட்டார்கள்.

தம்பிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு கால்களும் சூம்பிப்போயின. கொழுந்து பறிக்கிற குடும்பத்தில் கால் விளங்காத பிள்ளை என்ன செய்யும்? அப்பா அவனை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போவார். அவன் நன்றாகப் படித்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அவனைக் கோலாலம்பூருக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தது நானும் என் கணவரும்தான். என் கணவர் தோட்டத்து ஆப்பீஸில் கணக்கு எழுதும் கிராணி. நான் ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்த இடத்திலேயே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. இரண்டு கக்கத்துக் கட்டைகளை ஊன்றி நடந்து, கடைவீட்டு மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போய்விடுவான். ஒருநாள் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவதற்குள் காலம் கெட்டுப்போயிருந்தது. ஊரெங்கும் ஆட்குறைப்பு. அந்தப் பயிற்சி நிலையத்தையே மூடிவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். "பழைய மெஷின் ஒண்ணு எடுத்துக்கய்யா" என்று கொடுத்தார். அதைத்தான் தம்பி மலைக்குக் கொண்டுவந்தான்.

வெறுமனே கொண்டுவரவில்லை. அவனுடன் படித்த நண்பன் ஒருவன் கோலாலம்பூரில், கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன ஆப்பீஸில் வேலை பார்த்தான். அது மூன்றாம் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. இடுப்பு முறிந்த பிறகு தம்பியால் அங்கே ஏறிப் போக முடியாது. ஆனால் நண்பனுக்கு ஒரு யோசனை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு டெலிபோன் வழியாகவே எழுத்தை அனுப்பலாம். அவர்கள் கணக்கை அனுப்புவார்கள், தம்பி வீட்டிலிருந்தே தட்டிச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவான். அந்த ஆப்பீஸ் முதலாளி, "முதல்ல நடக்குதான்னு காட்டு, அப்புறம் பார்ப்போம்" என்றாராம். இதைச் சொல்லும்போது தம்பி மூச்சுவிடாமல் பேசினான்.

"மாமா, இது மட்டும் நடந்துச்சுன்னா நான் எங்கயும் போக வேணாம். இந்த நாற்காலியே எனக்கு ஆப்பீஸ்."

என் கணவர் அதிகம் பேசாதவர். "வெளி லைன் ஆப்பீஸ்லதானே இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

போனுக்கு முன்னால் கம்ப்யூட்டரே ஒழுங்காக ஓட வேண்டுமே. கோலாலம்பூர் வெயிலில் ஓடிய மெஷின் எங்கள் மலைக்கு வந்ததும் மந்தித்துப்போனது. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஏதோ உறுமும், நிற்கும், திரும்ப உறுமும். நான் சோறு வடித்து, ரசம் தாளித்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். செருப்பில் பூசணம் பிடிக்கும், கல்யாணப் போட்டோவில் பிடிக்கும். தம்பியின் டிஸ்க்குகளிலும் பிடித்தது. அவை தோசைக்கல் மாதிரி வட்டமான கறுப்புத் தகடுகள், சதுர உறைக்குள் இருக்கும். ஒன்றை வெளிச்சத்தில் காட்டினான். மேலே சாம்பல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

டிஸ்பென்சரியில் கேட்டு ஸ்பிரிட் வாங்கி வந்தேன். பஞ்சில் தொட்டு, மெஷினில் டிஸ்க் போடுகிற வாய்க்குள் விட்டுத் துடைத்தான். உள்ளே இருந்த பலகைகளைக் கழற்றி, அவற்றின் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். எங்கள் பக்கம் துணி அலமாரிக்குள் ஈரம் போக ஒரு பல்பை எரியவிடுவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டுத் தன் மெஷினுக்கும் ஒரு பலகைப்பெட்டி செய்யச் சொல்லி, அதற்குள் பல்பு போட்டு வைத்தான். ஒரு டிஸ்க்கை அடுப்போரம் காயவைத்தோம். அது அப்பளம் போல வளைந்துவிட்டது. அதற்கு அவன் என்னைத் திட்டவில்லை. வளைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுலதான் அந்தக் கணக்கு புரோகிராம் இருந்துச்சு" என்றான். நல்லவேளை, நண்பன் இன்னொன்று அனுப்பிவைத்தான்.

கரண்டு இன்னொரு தொல்லை. தேயிலை பேக்டரியில் இலை அரைக்கிற மெஷின்களைப் போட்டால் எங்கள் வீட்டு விளக்குகள் மங்கும். மங்கினால் கம்ப்யூட்டர் செத்துவிடும். பேக்டரி ஓய்கிற நேரம் பார்த்துத்தான் அவன் உட்கார முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்டரி ஓடாது. அன்றைக்கு மட்டும் மெஷின் ஒரு மாதிரி சொன்னபடி கேட்கும்.

டெலிபோன் விஷயத்துக்கு என் கணவர் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் நின்றார். அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டார்கள். இவர் நம் நாட்டுக்காரர்தான், ஆனாலும் துரை துரைதான். தோட்டத்துக்கு வெளியிலிருந்து வருவது ஒரே லைன். அது பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்து கம்பம் கம்பமாகத் தேயிலைக் காட்டுக்குள் நுழைந்து ஆப்பீஸுக்கு வரும். அங்கே ஒரு பிளக் பலகை. அதிலிருந்து துரை பங்களாவுக்கு எப்போதும் வெளி லைனோடு சேர்ந்தே இருக்கிற ஒரு கம்பி, எங்கள் குவாட்டர்ஸுக்கு ஒரு கம்பி. எங்கள் வீட்டுப் போன் ஆப்பீஸ் அவசரத்துக்குக் கூப்பிட மட்டும் வைத்தது. அதை வெளி லைனோடு சேர்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் துரை அனுமதி கொடுத்தார். வேலை கிடைத்தால் மற்ற நாட்களைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றாராம்.

"என்ன செய்யப் போறான்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலை. பையன் ஒரு வேலைக்கு முயற்சி பண்றான் துரைன்னேன்" என்றார் என் கணவர்.

அட்டைப்பெட்டியில் வந்த சாமான் என்னவென்று முதல் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அது ஒரு மோடம். கட்டையான பெட்டி, அதன் தலையில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். டெலிபோனின் கைப்பிடியை எடுத்து, காதும் வாயும் அந்தக் கிண்ணங்களுக்குள் பொருந்தும்படி அழுத்தி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு கிண்ணத்தில் கீச்சென்று கத்தும், அங்கிருந்து வருகிற கீச்சொலியை மற்றதில் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் எழுத்தாக மாற்றிக்கொள்ளும் என்று தம்பி சொன்னான்.

என் கணவர் ஆப்பீஸுக்கு நடந்து போய்ப் பிளக்கை மாற்றிவிட்டு வந்தார். தம்பி கோலாலம்பூரைக் கூப்பிட்டான். லீவு நாளிலும் நண்பன் இதற்காகவே ஆப்பீஸுக்கு வந்திருந்தான். நண்பன் எடுத்தான்.

"டேய், கேக்குதா?"

எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. நடுவில் பொரி பொரிவது போன்ற ஒரு சத்தம் ஓயாமல் இருந்தது. "சரி, வைக்கிறேன், நீயும் வை" என்று தம்பி கைப்பிடியைக் கிண்ணத்தில் அழுத்தினான். கீச்சென்றது. திரையில் எழுத்துகள் வந்தன. நான் கைதட்டிவிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவை எழுத்துகள் அல்ல, வெறும் குப்பை. கேள்விக்குறி, சதுரம், கோடு, மறுபடி கேள்விக்குறி. பிறகு அதுவும் நின்றது.

அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று எனக்கு நினைவில்லை. மழைக்காலம் முழுக்க அதுதான் எங்கள் வேலை. மழை பெய்தால் தகரக் கூரையில் விழுகிற சத்தம் ரப்பர் கிண்ணத்துக்குள் போய்விடும். மோடத்தை முதலில் துண்டில் சுற்றினோம். பிறகு கம்பளியில். பிறகு தலையணைகளுக்கு நடுவில் வைத்து மேலே என் கணவரின் கம்பளிக் கோட்டைப் போட்டோம். அது முடிந்ததும் யாரும் பேசக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தம்பி கையைக் காற்றில் தூக்கியபடி காத்திருப்பான். திரையில் குப்பை வரும். தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கும்.

"சத்தம் இங்க இல்லக்கா. லைன்லயே இருக்கு" என்றான் ஒருநாள்.

அப்படியானால் லைனைச் சரிசெய்ய வேண்டும். என் கணவர் எழுதிப் போட்டு, டெலிபோன் லைன்மேன் ஒருவர் வந்தார். வயதான மலாய்க்காரர், மாமா என்பதுபோல பாக்சிக் என்று கூப்பிடுவோம். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கொஞ்சம் பேசுவார். கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்தார். சில இடங்களில் கம்பி துருப்பிடித்திருந்தது, ஓரிடத்தில் கொடி படர்ந்திருந்தது. கொடியை வெட்டினார், மூட்டுகளை இறுக்கினார். வீட்டுக்கு வந்து டெலிபோனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பேசலாம்லா. நல்லா கேக்குது."

"பேசறதுக்கு இல்ல பாக்சிக். கம்ப்யூட்டர் பேசணும்" என்றான் தம்பி. மோடத்தை விளக்கிக் காட்டினான். அவர் அந்தக் கிண்ணங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கம்பங்களைக் கைகாட்டினார்.

"இது பழைய கம்பி. ஈரம் உள்ள போயிருச்சு. எல்லாம் மாத்தணும். நான் எழுதிக் குடுப்பேன். ஆனா மாத்த மாட்டாங்க."

தேநீர் குடித்துவிட்டு, தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது போலவே யாரும் மாற்ற வரவில்லை.

டிஸ்க்கையே பஸ்ஸில் அனுப்பினால் என்ன என்று நான்தான் கேட்டேன். அதையும் செய்து பார்த்தோம். தானா ராத்தாவுக்குப் போகிறவர்களிடம் கொடுத்து, பஸ் டிரைவர் கையில் சேர்த்துவிடச் சொன்னோம். முதல் தடவை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த தடவை மடங்கிப் போனது. அதோடு, அன்றைய கணக்கு அன்றைக்கே முடிய வேண்டும், நாலு நாள் கழித்து வருவதை வைத்து என்ன செய்வது என்று அந்த முதலாளி கேட்டிருக்கிறார். நண்பன் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

பொங்கல் முடிந்து சில வாரங்கள் மழை ஓய்ந்தது. எங்கள் பக்கம் அபூர்வமாக வருகிற வறண்ட நாட்கள். மூடுபனி விலகி எதிர்மலையின் தேயிலை வரிசைகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனைக் காதில் வைத்ததுமே தம்பியின் முகம் மாறியது. என்னிடம் நீட்டினான். பொரிகிற சத்தம் இல்லை.

கைப்பிடியைக் கிண்ணத்தில் வைத்தான். கம்பளி, தலையணை, கோட்டு எல்லாவற்றையும் நான் போட்டேன். கீச்சென்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஆங்கில எழுத்து, ஆனால் தமிழ். சத்தம்போட்டு வாசித்தான்.

"சாப்டியா."

அவ்வளவுதான் வந்தது. என் கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தம்பி பதில் அடித்தான். அவசரத்தில் தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். "சாப்டேன். அக்கா கருவாட்டுக் குழம்பு." அங்கிருந்து, "எனக்கு ஒரு தட்டு அனுப்பு" என்று வந்தது. நாங்கள் மூவரும் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு நண்பன் ஒரு கடைக் கணக்கை அனுப்பத் தொடங்கினான். முதலாளியிடம் காட்டவேண்டிய சோதனை அதுதான். திரையின் மூலையில் எண்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. பாதி தாண்டியது. தம்பி மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தான்.

திடீரென்று கம்பளிக்குள்ளிருந்து ஒரு மனிதக்குரல் கேட்டது. "ஹலோ? யார் லைன்ல?"

துரை. பங்களாவில் விருந்தாளி ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, தானா ராத்தா ஆஸ்பத்திரியைக் கூப்பிடப் போனை எடுத்திருக்கிறார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. என் கணவர் கோட்டையும் தலையணையையும் தள்ளிவிட்டுக் கைப்பிடியை எடுத்து, "சாரி துரை, வச்சிட்டோம் துரை" என்றார். திரையில் எண்கள் அப்படியே நின்றிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, தொடர்பு அறுந்தது என்று ஒரு வரி வந்தது.

"பரவாயில்ல மாமா. வருதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அது போதும்" என்றான் தம்பி. அன்று முழுக்க உற்சாகமாக இருந்தான். பெட்டிக்குள் பல்பு எரிகிறதா என்று இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. நண்பன் எடுத்தான். தம்பி கைப்பிடியைக் கிண்ணத்தில் வைக்கப் போனவன், பாதியில் நிறுத்தித் திரும்பக் காதில் வைத்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். லைன் அவ்வளவு நன்றாக இருந்ததால் நண்பன் பேசியது எனக்கும் கேட்டது.

"வைக்காதடா. கொஞ்சம் பேசணும்."

"சொல்லு."

"மொதலாளி ஆள் எடுத்துட்டாரு. ஒரு பொண்ணு. நான் சொல்லிப் பார்த்தேன்டா, உன்னப் பத்தி எல்லாம் சொன்னேன். அவ பக்கத்துத் தெருதான். காலைல நடந்தே வந்துர்றா."

தம்பி மோடத்தின் சுவிட்சை அணைத்தான். அந்தப் பக்கம் நண்பன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். வேறு இடத்தில் கேட்கிறேன் என்றான், இந்த வேலை எல்லாம் இனிமேல் நிறைய வரும் என்றான். தம்பி, "சரிடா. அந்தப் பொண்ணுக்குப் புரோகிராம் சொல்லிக் குடு. ஆறாவது பக்கத்துல ஒரு கோளாறு இருக்கு, கூட்டல் தப்பா வரும். நான் திருத்தி வச்சிருக்கேன், டிஸ்க்கை பஸ்ல அனுப்புறேன்" என்றான்.

போனை வைத்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வேற ஒண்ணு வரும்டா" என்றேன்.

"எதுல வரும்? இந்தக் கம்பியிலயா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் சில ஞாயிற்றுக்கிழமைகள் என் கணவர் ஆப்பீஸுக்கு நடந்து போய்ப் பிளக்கை மாற்றிவிட்டு வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே போனார். தம்பி டெலிபோனைத் தொடவில்லை. கடைசியில் ஒருநாள், "மாமா, வேணாம். துரைக்குத் தேவைப்படும்" என்றான்.

கம்ப்யூட்டரை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்து அதில் எந்த வேலையும் செய்யவில்லை. சுவிட்சைப் போட்டு, அது உறுமி முடிக்கும்வரை காத்திருந்து, பச்சைக் கோடு வந்ததும் அணைத்துவிடுவான். ஒருநாள் பச்சைக் கோடும் வரவில்லை. கழற்றிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். ஆனால் கழற்றவில்லை.

நான் வேலை தேடினேன். தானா ராத்தாவில் ஓட்டல்களில் கேட்டேன். அவனைப் பார்த்ததும் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க ஆப்பீஸில் விண்ணப்பம் போட்டோம். பதில் வரவில்லை. கடைசியில் மலையில் இன்னோர் ஊரான திரிங்காப்பில் காய்கறிப் பண்ணை வைத்திருந்த, தவ்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவர், மூட்டை கட்டும் கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது என்றார். கூடைகள் வரும். எந்த ஊருக்கு, எந்தக் கடைக்கு என்று ஒவ்வொரு கூடையிலும் மையால் எழுத வேண்டும். காலையில் லோரிக்காரன் வந்து தம்பியைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போவான். சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். தவ்கே மோசமான ஆள் இல்லை. மத்தியானச் சோறு கொடுப்பார்.

ஒருமுறை நான் அந்தக் கொட்டகைக்குப் போனேன். தரையெல்லாம் முட்டைக்கோஸின் மேல் இலைகள் மிதிபட்டு நாறின. பூச்சிமருந்து வாசம் தொண்டையைப் பிடித்தது. தம்பி ஒரு கவிழ்த்த கூடைமேல் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். விரல் நுனிகள் ஈரத்தில் வெடித்திருந்தன. அவன் முன்னால் வந்து நிற்கிற கூடையில் கோலாலம்பூர் என்று எழுதித் தள்ளினான். அடுத்ததிலும் கோலாலம்பூர்தான்.

"கை வலிக்குதாடா?" என்றேன்.

"குளிருதுக்கா, அவ்ளோதான்."

நான் கொண்டுபோன எண்ணெயை எடுத்து அவன் விரல்களில் தேய்க்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான். எண்ணெய்க் கையோடு எழுதினால் மை பிடிக்காதாம்.